ரியல் ஏல் பப்புக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: பிரிட்டன் நகரங்களில் ஒரு வழிகாட்டி

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ வந்த நம்மவர்களில் பலர் பப்புக்குப் போயிருப்பார்கள். ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கிற குளிர்ந்த லாகர் பீரையே வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். பாரின் நடுவே வரிசையாக நிற்கும் உயரமான கைப்பிடிகளைக் கவனித்தும் கேட்காமல் விட்டிருப்பார்கள். அந்தக் கைப்பிடியை இழுத்தால் வருவதுதான் பீப்பாயிலேயே முதிரும் பீரான ரியல் ஏல். பிரிட்டனில் தெருமுனைப் பப்பில்கூடச் சாதாரணமாகக் கிடைக்கும் இந்தப் பானம், மற்ற நாடுகளில் தேடினாலும் எளிதில் அகப்படாது.

அதை நல்ல நிலையில் குடிக்க ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். எந்த ஏல் என்று தேடுவதைவிட, ஏலைப் பேணத் தெரிந்த கடை எது என்று தேடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அதையொட்டி வருவதுதான்.

பீப்பாய்க்குள் நடப்பது

பெரும்பாலான பீர் ஆலையிலேயே முடிந்துபோன சரக்கு. வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்ட்டை நீக்கி அடைத்துவிடுவார்கள்; பப்பில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் குழாய் வழியே வரும். ரியல் ஏல் அப்படி முடிவதில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும்.

மீதி வேலை கடைக்காரருடையது. பீப்பாயைப் படுக்கவைத்து, மேலே இருக்கும் அடைப்பில் மென்மரக் குச்சி ஒன்றைச் செருகுவார். அதிகப்படியான வாயு அதன் வழியே கசிந்து வெளியேறும். வேகம் அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கெட்டியான குச்சியைச் செருகி, மிச்ச வாயு போய்விடாமல் காப்பார். வண்டல் அடியில் படியும்வரை பீப்பாயை அசைக்கக் கூடாது. நிலவறை 11 முதல் 13 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கோடையிலும் அப்படித்தான், குளிர்காலத்திலும் அப்படித்தான். 'இங்கிலாந்தில் பீரை வெதுவெதுப்பாகக் குடிப்பார்கள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தவறு. நன்றாகப் பேணிய ஏல் குளுகுளுவென்றுதான் இருக்கும், பனிக்கட்டிபோல் நாக்கை மரத்துப்போகச் செய்யாது, அவ்வளவுதான். கைக்குச் சூடாகத் தெரிந்தால் அந்தக் கடையில் ஏதோ சரியில்லை.

இழுத்து ஊற்றும் கைப்பம்புக்கு 1797இல் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிராமா. இன்றைக்கும் அடிப்படை அதேதான். வாயு அழுத்தம் கிடையாது, கை வலுதான்.

பீப்பாயில் குழாய் பொருத்தி இழுக்க ஆரம்பித்ததும் உள்ளே காற்று போகும். அதிலிருந்து சுமார் மூன்று நாள்தான். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் குணம் மாறுவதுபோல, இதுவும் மெல்ல மெல்லச் சுவை குன்றிக் கடைசியில் புளித்துவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பப்புகள் அதிகம் வாங்கும் பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். 9 காலன், அதாவது 72 பைண்ட். மூன்று நாளில் தீர வேண்டுமானால் நாளுக்கு 24 பைண்ட் விற்றாக வேண்டும். எட்டுக் கைப்பம்பு வைத்திருக்கும் கடை நாளுக்கு ஏறக்குறைய 200 பைண்ட் ஏல் மட்டும் விற்க வேண்டும். ஆகவே ஆளில்லாத கடையில் எட்டுக் கைப்பிடிகள் பளபளவென்று நின்றால் மகிழ வேண்டாம், எச்சரிக்கையாக இருங்கள். இரண்டே கைப்பம்பு, கடை நிறையக் கூட்டம் என்றால் கவலையில்லாமல் வாங்கலாம்.

இது எப்படிப் பிழைத்தது

1960களில் பெரிய ஆலைகள் சின்ன ஆலைகளை வாங்கி மூடி, வாயு அடைத்த கெக் பீரை நாடெங்கும் தள்ளின. கைப்பம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1971இல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன இடத்தில் இதற்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் கேம்ரா. 'ரியல் ஏல்' என்ற பெயரைப் பரப்பியதே அவர்கள்தான். குடிக்கிறவர்களே ஒன்றுசேர்ந்து ஒரு நாட்டின் பானத்தை மீட்ட கதை இது. எனக்கு அந்த அமைப்பின்மேல் மிகுந்த மரியாதை உண்டு; இங்கே நிலையாக வசிக்கப்போகிறவர்கள் உறுப்பினராவதை யோசிக்கலாம்.

கடையைக் கண்டுபிடிப்பது

முதல் துணை, கேம்ரா 1974 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் குட் பீர் கைடு. அந்தந்த ஊர் உறுப்பினர்கள் வருடம் முழுக்கக் குடித்துப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். இடம்பெற்ற கடைகள் ஜன்னலிலோ கதவிலோ அந்த ஆண்டின் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கும். ஆண்டைப் பாருங்கள். நாலைந்து வருடத்துக்கு முந்தைய ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் நடுவில் கடைக்காரர் மாறியிருக்கலாம்.

இரண்டாவது, வாசலில் காஸ்க் மார்க் பட்டயம். பரிசோதகர்கள் சொல்லாமல் வந்து ஏலின் வெப்பநிலை, தெளிவு, மணம், சுவை பார்த்துக் கொடுப்பது. கைபேசிச் செயலியும் உண்டு. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும்.

மூன்றாவது, பழைய கட்டடத்துக்காகவே போக விரும்புகிறவர்களுக்கு, உட்புறம் சிதையாத வரலாற்றுப் பப்புகளின் பட்டியலையும் கேம்ரா வைத்திருக்கிறது. ஓடு, கண்ணாடி, மரத் தடுப்பு எல்லாம் அப்படியே இருக்கும் கடைகள். ஏல் சுமாராக இருந்தால்கூட இந்தக் கட்டடங்கள் சிலவற்றைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு.

கடை யாருடையது என்றும் கவனியுங்கள். ஓர் ஆலைக்குச் சொந்தமான கடையில் பெரும்பாலும் அந்த ஆலையின் சரக்கே கிடைக்கும். எந்த ஆலையோடும் கட்டில்லாத கடை ஃப்ரீ ஹவுஸ். அங்கே பல ஊர் ஏல் மாறி மாறி வரும். இரண்டுக்கும் தனி அழகு உண்டு. தன் ஒரே ஏலைத் தினமும் ஊற்றும் ஆலைக்கடை அதை எப்படிப் பேணுவது என்று நன்றாகவே அறிந்திருக்கும்.

வெதர்ஸ்பூன் சங்கிலிக் கடைகளைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். விலை குறைவு, ஏல் வகை அதிகம், பழைய வங்கி, திரையரங்குக் கட்டடங்களில் இருப்பவை பார்க்கவே அருமை. கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர் ருசி பழக நல்ல இடம்.

எந்த நேரத்தில்

கட்டடத்தைப் பார்க்க வேண்டுமானால் வார நாளில் மதியம் 2 மணிக்குப் பிறகு. கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், பாரில் இருப்பவருக்கும் பேச நேரம் இருக்கும். ஒரு காலத்தில் இந்த நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். முதல் உலகப் போரில் கொண்டுவந்த மதிய மூடல் விதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988இல்தான் நீங்கியது. வெள்ளி மாலை 5 மணிக்கு லண்டன் நகர மையத்துப் பப்பில் நிற்கவே இடம் கிடைக்காது. கூட்டம் நடைபாதைக்கு வழிந்திருக்கும். அலுவலகங்களை நம்பிப் பிழைக்கும் சில கடைகள் சனி, ஞாயிறு மூடியிருக்கும். உள்ளூர் கால்பந்து ஆட்டம் உள்ள நாளில் மைதானத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டிய கடைகளைத் தவிருங்கள். கிளம்பும் முன் அன்றைய நேரத்தை இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பல கடைகள் திங்கள், செவ்வாயில் தாமதமாகத் திறக்கின்றன.

18 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். நமக்கு வயது தெரியாத முகம் என்று பலருக்கு இங்கே வந்துதான் தெரியும், ஆகவே பாஸ்போர்ட் அல்லது பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும்

உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். யாரும் வந்து கேட்கமாட்டார்கள். நேரே பாருக்குப் போங்கள்.

அங்கே வரிசை இருக்காது, ஆனால் எல்லாருக்கும் வரிசை தெரியும். யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று அங்கே நிற்கிறவர்களும் ஊற்றுகிறவரும் மனதில் குறித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் முறைக்கு முன்னால் உங்களைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டி, 'இவர் எனக்கு முன்னால் வந்தார்' என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு செயலுக்கே அந்தக் கடையில் உங்களுக்கு மதிப்பு கூடிவிடும். பணத்தை ஆட்டுவது, கை தட்டுவது, குரல் கொடுப்பது எல்லாம் மிகுந்த அநாகரிகம். ஊற்றுகிறவரின் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும்.

நாட்டிங்ஹாமில் உங்களை 'டக்' என்று கூப்பிடலாம், நியூகாசிலில் 'பெட்', பல ஊர்களில் 'லவ்'. வயது, ஆண், பெண் பார்க்காமல் எல்லாரையும் அப்படித்தான் அழைப்பார்கள்; அன்பான பேச்சுதான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பதிலுக்கு அப்படி அழைக்க வேண்டியதில்லை. 'ப்ளீஸ்', 'தேங்க்ஸ்', 'சியர்ஸ்' போதும்.

பழைய கடைகளில் அறைகள் பல. பப்ளிக் பார் என்பது அந்தக் காலத்தில் உழைப்பாளிகளுக்கானது, வெறும் மரத் தரை, விலையும் குறைவு. சலூன் அல்லது லவுஞ்ச், கம்பளம் விரித்த வசதியான அறை. பப்ளிக் பாரை மான்செஸ்டரில் வால்ட் என்பார்கள். ஸ்னக் என்பது நாலைந்து பேர் மட்டும் அடங்கும் குட்டி அறை. இன்று எந்த அறையிலும் யாரும் உட்காரலாம், ஒரே விலை. தனியாகப் போகிறவர்களுக்கு என் யோசனை: பாருக்கு அருகில் நில்லுங்கள். அங்கே நிற்கிறவர் பேச்சுக்குத் தயார் என்று அர்த்தம். மூலை மேசையில் உட்கார்ந்தால் தனிமை வேண்டும் என்று அர்த்தம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

எதைக் கேட்பது, எவ்வளவு

ஒவ்வொரு கைப்பிடியிலும் பெயரும் ஆல்கஹால் சதவீதமும் எழுதிய வில்லை மாட்டியிருக்கும். வில்லை பின்பக்கமாகத் திருப்பியிருந்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை. அதைக் கேட்க வேண்டாம்.

வகைகளில் முதலில் பிட்டர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், காப்பி குடித்துப் பழகிய நாக்குக்கு இது ஒரு கசப்பே இல்லை. 3.5 முதல் 4 சதவீதம்வரை சாதாரண பிட்டர், அதற்குச் சற்று மேலே பெஸ்ட் பிட்டர். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் பிஸ்கட் மணமும், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் சமமாக இருக்கும். மைல்ட் கசப்புக் குறைந்தது, பெரும்பாலும் கருநிறம், 3 முதல் 3.5 சதவீதம், மிட்லேண்ட்ஸ் பக்கம் போனால் தவறவிடாதீர்கள். பொன்னிற ஏலில் எலுமிச்சை, பழ வாசனை தூக்கலாக இருக்கும். லாகரிலிருந்து மாறுகிறவர்கள் இதில் தொடங்கினால் எளிது. போர்ட்டர், ஸ்டவுட் இரண்டும் கறுப்பு, வறுத்த வாசம்.

இந்தியா பேல் ஏல் என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஹாப்ஸ் கூடிய ஏலை அனுப்பியது. 1820களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்தன. சென்னையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் குடித்த சரக்கின் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தேர்வில் என் விதி, அந்த ஊருக்குப் பக்கத்தில் காய்ச்சியதைக் கேளுங்கள் என்பதுதான். லண்டனில் ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைட், தெற்கே லூயிஸ் ஊரிலிருந்து வரும் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட். யார்க்‌ஷயரில் கீலி ஊர் டிமோத்தி டெய்லரின் லேண்ட்லார்ட். மான்செஸ்டரில் 1849 முதல் நடக்கும் ஜோசப் ஹோல்ட்டின் பிட்டர். நாட்டிங்ஹாமில் காசில் ராக் ஆலையின் ஹார்வெஸ்ட் பேல், ஷெஃபீல்டில் அபிடேல் ஆலையின் மூன்ஷைன். ஸ்காட்லாந்தில் ஃபைன் ஏல்ஸின் ஜார்ல், 3.8 சதவீதம்தான், ஆனால் பழ மணம் அள்ளும். எது என்று முடிவு செய்ய முடியவில்லையா? 'இப்போது எது நன்றாகப் போகிறது?' என்று கேளுங்கள். அதிகம் போவதே புதிதாகத் திறந்தது.

ருசி பார்க்கச் சிறிது தரச் சொல்லலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் முகம் சுளிக்காமல் தருவார்கள். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பைண்ட் என்பது 568 மில்லி, ஹாஃப் 284, மூன்றில் ஒரு பங்கும் உண்டு. புதியவர்கள் ஹாஃபில் ஆரம்பியுங்கள் என்றே அழுத்திச் சொல்வேன். ஆண்கள் ஹாஃப் வாங்கினால் கேவலம் என்ற பேச்சு பழங்கதை. ஏலை நன்றாக அறிந்தவர்கள்தான் ஹாஃப் ஹாஃபாக வாங்கிப் பல வகை பார்க்கிறார்கள். 4 சதவீத ஏல் ஒரு பைண்ட்டில் 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்). வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. அதாவது ஆறு பைண்ட், அதுவும் சில நாட்களுக்குப் பிரித்து.

சைவர்களுக்கு ஒரு தகவல். ஏலைத் தெளியவைக்கப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸைச் சேர்க்கின்றன. அது வேண்டாம் என்றால் 'வீகன் ஏல் இருக்கிறதா?' என்று கேளுங்கள். அது சேர்க்காத ஏல் சற்றுக் கலங்கலாக இருக்கலாம், கெட்டுப்போனது அல்ல.

குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். லைம் சோடா, எலுமிச்சைச் சோடா, ஆல்கஹால் நீக்கிய பீர், பல இடங்களில் டீ, காப்பிகூடக் கிடைக்கும். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பப் என்பது ஊரின் கூடம். அதன் கதவு குடிக்கிறவர்களுக்கு மட்டும் திறப்பதில்லை.

நுரையும் அளவும்

வடக்கே கைப்பம்பின் மூக்கில் சின்னத் துளைகள் கொண்ட மூடி ஒன்றை மாட்டுவார்கள், ஸ்பார்க்ளர். ஏல் அதன் வழியே பீறிட்டு, கெட்டியான வெண்ணுரை மேலே நிற்கும். தெற்கே அது இல்லாமல் ஊற்றுவார்கள், நுரை மெல்லியதாக இருக்கும். எது சரி என்று இரண்டு பக்கமும் சண்டை ஓயாது. யார்க்‌ஷயர் ஏலுக்கு நுரை வேண்டும், ஹார்வீஸுக்கு வேண்டாம். நான் அந்தந்த ஊர் வழக்கத்தோடு போகிறவன். நுரை மிக அதிகமாக இருந்தால் 'டாப் அப் ப்ளீஸ்' என்று நீட்டினால் நிரப்பித் தருவார்கள். உரிமையோடு கேட்கலாம்.

சரியில்லாத ஏல் வந்தால்

காடி நாற்றம், நனைந்த அட்டை வாசம், உயிரே இல்லாத தட்டையான சுவை, அந்த ஏல் தெளிவாக இருக்க வேண்டியதாயிருந்தும் குழம்பிய நிறம்: இவை கெட்டதன் அடையாளம். ஒரு வாய் குடித்ததுமே பாருக்கு எடுத்துப்போய், 'மன்னிக்கவும், இது சரியாக இல்லைபோல் தெரிகிறது' என்று மெதுவாகச் சொல்லுங்கள். நல்ல கடையில் எதிர்வாதம் இல்லாமல் மாற்றித் தருவார்கள். பீப்பாயைப் போய்ப் பார்ப்பார்கள், வில்லையைத் திருப்பிவிடுவார்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுப் புகார் சொன்னால் எடுபடாது. பிடிக்கவில்லை என்பதும் கெட்டுவிட்டது என்பதும் வேறு. முதலாவதற்கு மாற்றம் கேட்கக் கூடாது.

பணமும் ரவுண்டும்

வாங்கியதும் பணம். அட்டை எங்கும் செல்லும் என்றாலும் சில பழைய கடைகளுக்காகக் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். லண்டனைவிட வடக்கே நன்றாகவே மலிவு. டிப்ஸ் வழக்கமில்லை. அன்பாகக் கவனித்தவருக்கு 'அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்' என்று சொன்னால் ஒரு பானத்தின் விலையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

நண்பர்களோடு போனால் ரவுண்டு முறை. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். அடுத்தவர் வாங்கியதைக் குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் கிளம்புவதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். சீக்கிரம் போக வேண்டுமானால் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள். எல்லாரும் பைண்ட் எடுத்தாலும் நீங்கள் ஹாஃபோ சோடாவோ கேட்கலாம். அல்லது ஆரம்பத்திலேயே 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை.

எந்த ஊரில் எங்கே

ஒரு பிற்பகலுக்கு மூன்று கடைக்கு மேல் வேண்டாம். நடுவில் சாப்பிடுங்கள், ஒவ்வொரு கடையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், இலவசம்.

லண்டனில் முதல் நாள் நடை பிளாக்ஃபிரையர்ஸ் ரயில் நிலையத்தில் தொடங்கட்டும். வாசலுக்கு எதிரேயே தி பிளாக்ஃபிரையர். டொமினிக்கன் துறவி மடம் இருந்த இடம் என்பதால் 1905 வாக்கில் உட்புறத்தை மாற்றியபோது செம்புத் தகட்டிலும் சலவைக்கல்லிலும் துறவிகளையே செதுக்கிவிட்டார்கள். பாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், பழம் பறிக்கிறார்கள். பின்பக்க வளைவு அறைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். 1960களில் இடிக்க இருந்ததைக் கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் போராடிக் காப்பாற்றினார்கள். அங்கிருந்து ஃப்ளீட் தெரு வழியே நடந்தால் சந்துக்குள் யி ஓல்ட் செஷயர் சீஸ், 1666 பெருந்தீக்கு மறுவருடம் திரும்பக் கட்டியது. இருட்டான சின்ன அறைகள், கீழே அடுக்கடுக்காக நிலவறை. அப்புறம் ஹோபர்னில் பிரின்சஸ் லூயிஸ்: ஓடும் பொறித்த கண்ணாடியும் மரத் தடுப்புகளுமாக விக்டோரியா காலம் அப்படியே நிற்கிறது. இவ்விரண்டும் டாட்காஸ்டர் ஊர் சாமுவேல் ஸ்மித் ஆலையின் கடைகள். அவர்கள் சரக்கு மட்டுமே கிடைக்கும், கைபேசி பயன்படுத்தத் தடை. படம் எடுக்கும் ஆசையை வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

இன்னும் தெம்பு இருந்தால் பத்து நிமிடத்தில் லேம்ப்ஸ் காண்டூயிட் தெருவில் தி லேம்ப். பாரின் மேல் முக உயரத்தில் சுழலும் சின்னக் கண்ணாடிப் பலகைகள் இருக்கின்றன. குடிப்பவர் முகம் ஊற்றுபவருக்குத் தெரியாமலிருக்க விக்டோரியா காலத்தார் செய்த ஏற்பாடு. ஏலுக்காக மட்டும் என்றால் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அருகில் தி ஹார்ப். 2010இல் நாட்டின் சிறந்த பப்புக்கான கேம்ராவின் தேசிய விருது பெற்ற முதல் லண்டன் கடை. ஆற்றுக்குத் தெற்கே, பழைய கட்டடங்களைப் பேணும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டுக்குச் சொந்தமான தி ஜார்ஜ், 1677இல் கட்டியது, குதிரை வண்டிக் காலத்து மாடத் தாழ்வாரம் லண்டனில் மிஞ்சியது இங்கே மட்டும்தான்; பக்கத்தில் டபர்ட் தெருவில் ராயல் ஓக், ஹார்வீஸ் கடை, எனக்கு லண்டனிலேயே மிகப் பிடித்த பெஸ்ட் அங்கேதான்.

ஆனால் ஏலுக்காகவே ஓர் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஷெஃபீல்டுக்குப் போங்கள். ரயிலை விட்டு இறங்குமுன்னே ஆரம்பித்துவிடும்: நடைமேடையிலேயே, பாழடைந்து கிடந்த எட்வர்டு காலச் சிற்றுண்டிச் சாலையைப் புதுப்பித்து 2009இல் திறந்த ஷெஃபீல்டு டேப். டிராமில் ஷேல்ஸ்மூர் போனால் கெல்ஹம் ஐலண்ட். எஃகுத் தொழிற்சாலைகள் மூடி ஊர் துவண்டிருந்த 1981இல் தி ஃபேட் கேட் அங்கே திறந்தது. ஆலைக் கட்டு இல்லாமல் பல ஊர் ஏலை விற்றது, 1990இல் பக்கத்திலேயே தன் ஆலையையும் தொடங்கியது. அந்த ஆலையின் பேல் ரைடர் 2004இல் பிரிட்டனின் சாம்பியன் ஏல். இரண்டு நிமிட நடையில் கெல்ஹம் ஐலண்ட் டாவர்ன். 2008, 2009 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டும் தேசிய விருது. இங்கே ஏல் பற்றிக் கேட்டால் கூச்சமில்லாமல் அரைமணி நேரம் பேசுவார்கள்.

லிவர்பூலில் ஹோப் தெருவில் பில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ். 1900 வாக்கில் முடிந்த கட்டடம். 2020இல் முதல் தரப் பாதுகாப்புச் சின்னமானது. ஆண்கள் கழிவறையின் சலவைக்கல்லைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். பெண்கள் பார்க்க விரும்பினால் பாரில் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் ராஸ்கோ தெருவில் ராஸ்கோ ஹெட், நான்கு சின்ன அறைகள், பல பத்தாண்டுகளாகக் குட் பீர் கைடில் விடாமல் இடம்பெற்றது. பகட்டும் எளிமையும் ஒரே மாலையில் பார்க்கலாம்.

மான்செஸ்டரில் பச்சை ஓடு போர்த்திய பெவரில் ஆஃப் தி பீக், அதன் எதிர்ப்பக்கமாகக் கொஞ்ச தூரத்தில் பிரிட்டன்ஸ் புரொடெக்‌ஷன். வடக்கே ராச்டேல் சாலையில் 1888இன் மார்பிள் ஆர்ச். மொசைக் தரை பார் பக்கமாகச் சரிந்திருக்கும், இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு அந்தச் சரிவைக் கவனித்து நடங்கள்.

லீட்ஸில் பிரிகேட் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் 1715இல் தொடங்கிய ஒயிட்லாக்ஸ். நாட்டிங்ஹாமில் கோட்டைப் பாறையைக் குடைந்த குகை அறைகளோடு யி ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம். சுவரில் 1189 என்று எழுதியிருந்தாலும் இப்போதைய கட்டடம் அவ்வளவு பழையது அல்ல, குகைகள்தான் அருமை. பர்மிங்ஹாமில் பென்னெட்ஸ் ஹில் தெருவின் தி வெலிங்டன் சமையலறை இல்லாத கடை. வெளியிலிருந்து சாப்பாடு வாங்கி வரலாம், தட்டும் கரண்டியும் அவர்களே தருவார்கள். அந்த ஊரை ஒட்டிய வெஸ்ட் பிராம்விச் பக்கம் பஞ்சாபிகள் நடத்தும் தேசி பப்புகள் பல உண்டு: கைப்பம்பு ஏலும் தந்தூரியில் சுட்ட கறியும் ஒரே மேசையில். நம் நாக்கு கொண்டாடும். பாத் நகரில் தி ஸ்டார்: பாஸ் ஏலைப் பீப்பாயிலிருந்து ஜாடியில் பிடித்துக் கிளாஸில் ஊற்றுவார்கள். நியூகாசிலில் கிரௌன் பொசாடா, ஒடுங்கிய நீளக் கடை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்.

எடின்பரோவில் வேவர்லி நிலையத்துக்கு அருகே கஃபே ராயல். வட்டமான பாரைச் சுற்றிச் சுவரில் ஜேம்ஸ் வாட், ஃபாரடே, காக்ஸ்டன் முதலானோரின் ஓட்டு ஓவியங்கள். பழைய நகரில் வெஸ்ட் போ தெருவின் தி போ பார் இன்னொரு விதத்தில் முக்கியம். அங்கே கைப்பம்புக்குப் பதில் காற்றழுத்தத்தால் ஏலை மேலேற்றும் நெடிய ஸ்காட்டிஷ் குழாய்கள் இருக்கின்றன. இன்று அரிதாகிவிட்ட முறை. பாட்டு இல்லை, சத்தம் இல்லை, பேச்சு மட்டும்.

கடை மூடும் நேரம்

மணி அடித்து 'லாஸ்ட் ஆர்டர்ஸ்' என்பார்கள். வேண்டியதை அப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு மணிக்குப் பிறகு ஊற்றமாட்டார்கள். குடித்து முடிக்கச் சுமார் 20 நிமிடம் விடுவது வழக்கம். 2005இல் புதிய உரிமச் சட்டம் வந்த பிறகு நேரம் கடைக்குக் கடை மாறுகிறது, ஆனாலும் பழைய கடைகள் பல 11 மணியோடு நிற்கின்றன. காலிக் கிளாஸைப் பாரில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம்.

வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50தான், ஒரு பைண்ட்டே சிலரை அங்கே கொண்டுபோய்விடும். மறுநாள் காலையில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே எல்லைதான். பல நகரங்களில் கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடுகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் சீக்கிரம். முதல் கிளாஸ் வாங்கும் முன்பே அதன் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.